வளர்ச்சிக் குறைபாட்டைத் திரை வழியே கண்டறிய முடியுமா? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகள் குறித்து வந்த கடிதங்களில், நிபுணர்கள் இல்லாத கிராமப்புறங்களிலிருந்து வந்தவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வீடியோ அழைப்பின் மூலம் நடக்கும் மருத்துவப் பரிசோதனையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே அவற்றில் பெரும்பாலானவற்றின் கவலை. எழுதியவர்களின் பெயரும் ஊரும் வெளியிடப்படவில்லை.

கேள்வி: எங்கள் மகனுக்கு இரண்டரை வயது ஆகிறது. இன்னும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. குழந்தை வளர்ச்சி மருத்துவரை நேரில் பார்க்க ஒரு நாள் முழுதும் பயணம் செய்ய வேண்டும். அதற்கும் பல மாதங்கள் காத்திருக்கச் சொல்கிறார்கள். வீடியோ அழைப்பு என்றால் அடுத்த மாதமே பார்ப்பதாகச் சொன்னார்கள். தொட்டுக்கூடப் பார்க்காமல் ஆட்டிசம் இருக்கிறது, இல்லை என்று ஒருவரால் சொல்லிவிட முடியுமா, டாக்டர்?

பதில்: பெரும்பாலான குழந்தைகளின் விஷயத்தில் முடியும், அந்த அழைப்பைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பிறரோடு பழகுவதையும் பேச்சையும் பாதிக்கும் வளர்ச்சிக் குறைபாடான ஆட்டிசத்தை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை கிடையாது. குழந்தை பிறரோடு எப்படிப் பழகுகிறது, தனக்கு வேண்டியதை எப்படிக் கேட்கிறது, எதை வைத்து எப்படி விளையாடுகிறது என்று கவனிப்பதும், பிறந்த நாள் முதல் அது வளர்ந்த விதத்தைப் பெற்றோரிடம் விரிவாகக் கேட்டறிவதும்தான் இந்த நோயறிதலின் அடிப்படை. இவ்விரண்டையும் திரை வழியாகவும் செய்யலாம்.

ஆனால் நேரில் செய்யும் மதிப்பீட்டை அப்படியே திரைக்கு மாற்றிவிட முடியாது. அடாஸ் எனப்படும், உலகெங்கும் புழக்கத்தில் உள்ள நேரடி மதிப்பீட்டில், பயிற்சி பெற்ற நிபுணரே குறிப்பிட்ட விளையாட்டுப் பொருள்களோடு குழந்தையின் அருகில் அமர்ந்து விளையாடி, அதன் எதிர்வினைகளுக்கு மதிப்பெண் இடுகிறார். 2020ஆம் ஆண்டு கோவிட் பரவியபோது, முகக்கவசம் அணிந்துகொண்டு அதைச் செய்தால் மதிப்பெண்கள் செல்லுபடியாகாது என்ற நிலை வந்ததால், பல இடங்களில் மதிப்பீடுகளே நின்றுபோயின. அந்த நெருக்கடியில் பரவலான பயன்பாட்டுக்கு வந்ததுதான், அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் உருவான 'டெலி-ஏஎஸ்டி-பெட்ஸ்' என்ற முறை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான இம்முறையில் குழந்தையோடு விளையாடுபவர் நீங்கள்தான்; என்ன செய்ய வேண்டும் என்பதை நிபுணர் திரைக்கு அப்பாலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார்.

சோப்புக் குமிழி ஊதும் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று முறை ஊதிக் காட்டிவிட்டு, ஊதுகுச்சியை வாயருகே வைத்தபடி, ஒன்றும் பேசாமல் சற்றுக் காத்திருக்கச் சொல்வார்கள். நிபுணர் கூர்ந்து கவனிப்பது அந்தச் சில நொடிகளைத்தான். குழந்தை குமிழியைப் பார்த்துவிட்டு உங்கள் கண்களை நோக்கி, இன்னும் வேண்டும் என்பதைப் பார்வையாலோ கைநீட்டியோ சத்தம் எழுப்பியோ தெரிவிக்கிறதா. உங்கள் முகத்தை ஏறிட்டே பாராமல் உங்கள் கையை மட்டும் பிடித்து ஊதுகுச்சியின் மேல் வைக்கிறதா. அல்லது விளையாட்டு நின்றுபோனதையே பொருட்படுத்தாமல் தரையில் சிந்திய சோப்பு நீரை விரலால் தேய்த்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இதுபோலவே, முதுகுக்குப் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். சற்றுத் தொலைவில் இருக்கும் ஒரு பொருளைச் சுட்டிக்காட்டி 'அதோ பார்' என்று சொல்லச் சொல்வார்கள். குழந்தை வேண்டுமென்றே ஒத்துழைக்கவில்லை என்று எண்ணி நீங்கள் பதற வேண்டியதில்லை. அது என்ன செய்தாலும் நிபுணருக்கு அது ஒரு தகவல்தான். குழந்தைக்குச் சாதகமாக எதையும் சொல்லிக்கொடுத்துச் செய்ய வைக்காதீர்கள்.

இத்தகைய திரை வழி மதிப்பீட்டின் நம்பகத்தன்மையைச் சோதிக்க, 17 முதல் 36 மாதம் வரையிலான 144 குழந்தைகளை ஒருமுறை திரை வழியாகவும், முந்தைய முடிவை அறியாத வேறொரு நிபுணரைக் கொண்டு இன்னொரு முறை நேரிலும் மதிப்பிட்டார்கள். 92 சதவீதக் குழந்தைகளுக்கு இரு முடிவுகளும் ஒத்துப்போயின. திரை வழி மதிப்பீடு தவறவிட்ட குழந்தைகள், பெரும்பாலும் அறிகுறிகள் மிதமாக இருந்தவர்கள். உங்கள் கடிதத்தில் நீங்கள் விவரித்துள்ள அளவுக்கு அறிகுறிகள் தெளிவாக இருந்தால், திரையின் வழியே பார்ப்பதால் விடுபட்டுப்போகும் வாய்ப்பு குறைவு.

ஆனால், பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத, பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் முறையான செவித்திறன் பரிசோதனை நடந்தே ஆக வேண்டும். கதவு சாத்தும் சத்தத்துக்குத் திரும்புகிறானே, காது நன்றாகத்தான் கேட்கிறது என்று பல வீடுகளில் முடிவு செய்துவிடுகிறார்கள். உரத்த ஒலிகள் கேட்டும் பேச்சின் நுண்ணொலிகள் கேட்காத செவித்திறன் குறைபாடு உண்டு. வீட்டில் கைதட்டிப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. இப்பரிசோதனையிலும் தொலைமருத்துவம் உதவுகிறது. அருகிலுள்ள சிறிய மருத்துவமனையில் ஒரு பணியாளர் குழந்தையின் தலையில் மின்முனைகளைப் பொருத்திவிட்டால், வேறோர் ஊரில் இருக்கும் செவித்திறன் நிபுணர் கணினி வழியாகவே கருவியை இயக்கி முடிவைப் படித்துவிடுவார்.

நேரில் பார்த்தால்தான் நிம்மதி என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் ஆட்டிசத்தின் அறிகுறிகள் 18 மாதத்திலேயே புலப்படக்கூடியவை. இரண்டு வயதில் அனுபவமுள்ள நிபுணர் தரும் முடிவு பெரும்பாலும் மாறுவதில்லை. அப்படியிருந்தும், வசதிகள் மிகுந்த அமெரிக்காவிலேயே குழந்தைகள் ஏறத்தாழ நான்கு வயதை எட்டும்போதுதான் நோயறிதல் நடக்கிறது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள் மொழியும் சமூக உறவும் மிக வேகமாக வளரும் காலம். திரை வழி மதிப்பீட்டில் உள்ள சிறு பிழை வாய்ப்பைவிட, அந்தக் காலத்தைக் காத்திருப்பிலேயே கழிப்பது பெரிய இழப்பு என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: எங்கள் கிராமத்தில் வீடியோ அழைப்பு இரண்டு நிமிடம்கூட நிலைப்பதில்லை, படம் உறைந்துவிடுகிறது. என் பேத்தியைப் பற்றி மருத்துவரிடம் எப்படிக் காட்டுவது?

பதில்: நேரலையில்தான் காட்ட வேண்டும் என்பதில்லை, ஐயா. வீட்டிலேயே செல்போனில் பதிவுசெய்து, இணைப்பு நன்றாகக் கிடைக்கும் நேரத்திலோ இடத்திலோ அனுப்பிவிட்டு, மருத்துவருடன் பேசுவதைச் சாதாரணத் தொலைபேசி அழைப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். 'நோடா' என்ற முறை இந்த அடிப்படையில் அமைந்ததுதான். குழந்தை தனியாக விளையாடுவது, மற்றொருவருடன் விளையாடுவது, குடும்பத்தோடு சாப்பிடுவது, பெற்றோருக்குக் கவலை தரும் நடத்தை ஆகிய நான்கு காட்சிகளை, ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு மிகாமல், பெற்றோரே படம்பிடித்து அனுப்புகிறார்கள். 51 குடும்பங்களை வைத்து நடத்திய ஆய்வில், இந்தப் பதிவுகளைக் கொண்டு எடுத்த முடிவுகள் நேரடி மதிப்பீட்டோடு ஏறத்தாழ 88 சதவீதம் ஒத்துப்போயின. மருத்துவமனை அறையில் அழுது அடம்பிடித்து எதையுமே காட்டாத குழந்தை, பழகிய இடத்தில் தன் இயல்பில் இருக்கும் என்பது இதில் கூடுதல் நன்மை.

பதிவு செய்யும்போது செல்போனைக் குழந்தையின் கண்மட்டத்துக்குத் தாழ்த்தி, அசையாதபடி எதன்மீதாவது சாய்த்து வையுங்கள். வெளிச்சம் குழந்தையின் முகத்தில் விழ வேண்டும். ஜன்னல் குழந்தைக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகிவிடும். தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். குழந்தையின் முகமும், அது பார்க்கும் ஆளும் ஒரே சட்டகத்துக்குள் வந்தால்தான் அதன் பார்வை எங்கே போகிறது என்பது எங்களுக்குத் தெரியும். ஆடையின்றி இருக்கும் காட்சிகளைத் தவிர்த்துவிடுங்கள். பதிவை உறவினர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பகிராமல், மருத்துவமனை சொல்லும் வழியில் மட்டும் அனுப்புங்கள். அதை யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்பதை எந்த நல்ல மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: செல்போன் செயலியில் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் ஆட்டிசம் இருக்கிறதா என்று காட்டிவிடும் என்கிறார்களே, அது போதாதா?

பதில்: போதாது. முதற்கட்டச் சல்லடையையும் நோயறிதலையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட படிவம், 16 முதல் 30 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு உரியது. யாரை மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்று பிரித்துக்காட்டுவதே அதன் வேலை. இடைநிலை மதிப்பெண் வந்தால் தொடர்கேள்விகளையும் கேட்ட பிறகே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். 2021இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதித்த 'கேன்வாஸ் டிஎக்ஸ்' என்ற மென்பொருள்கூட, மருத்துவரின் முடிவுக்குத் துணையாக மட்டுமே அனுமதி பெற்றது. அதன் ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குத்தான் அதனால் திட்டவட்டமான விடை தர முடிந்தது. தெரியாத இடத்தில் தெரியாது என்று அது சொன்னதை நான் மதிக்கிறேன். எந்தக் குழந்தைக்கும் உடனடியாக விடை சொல்லிவிடும் செயலிகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

கேள்வி: நான் கிராம சுகாதாரச் செவிலியர். என் பகுதியில் 30 வாரத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம் ஆகிறது. எடை கூடியிருக்கிறது, ஆனால் கைகால் அசைவுகளில் ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது. நரம்பியல் நிபுணரிடம் அனுப்பினால், ஒரு வயதுவரை பொறுத்துப் பார்க்கச் சொல்வார்கள் என்று குடும்பத்தார் நினைக்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: உங்களுக்குத் தோன்றியதை அலட்சியம் செய்யாமல் எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி, சகோதரி. ஒரு வயதுவரை பொறுத்திருக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. மூளைப் பாதிப்பால் உடல் அசைவுகளைக் கட்டுப்படுத்த முடியாமல்போகும் பெருமூளை வாதம் முன்பெல்லாம் 12 முதல் 24 மாதத்துக்குள்தான் உறுதிசெய்யப்பட்டது. ஆஸ்திரிய மருத்துவர் ஹெய்ன்ஸ் பிரெக்டல் வகுத்த பொது அசைவு மதிப்பீடு என்ற முறை வந்த பிறகு, அந்த ஆபத்தை, எதிர்பார்த்த பிரசவத் தேதியிலிருந்து ஐந்து மாதம் ஆகும் முன்பே இனங்காண முடிகிறது. தொலைமருத்துவத்துக்கு இவ்வளவு பொருத்தமான பரிசோதனை வேறொன்று இல்லை என்பேன். ஏனெனில் நேரில் செய்தாலும் இது ஒரு வீடியோவைப் பார்த்துச் செய்யும் மதிப்பீடுதான்.

எதிர்பார்த்த பிரசவத் தேதியிலிருந்து கணக்கிட்டால், ஏறத்தாழ 9 முதல் 20 வாரம் வரை, ஆரோக்கியமான குழந்தையின் கழுத்து, உடல், கைகால்கள் எல்லாவற்றிலும் சிறு சிறு வட்ட வடிவ அசைவுகள் எல்லாத் திசைகளிலும் இடைவிடாது நிகழ்ந்துகொண்டிருக்கும். முழித்திருந்தும் அமைதியாக இருக்கும் நேரத்தில்தான் அவை தெரியும். இந்த நுண்ணசைவுகள் இல்லாமல்போவது பெருமூளை வாதத்துக்கான வலுவான முன்னறிகுறி. ஆபத்து மிகுந்த குழந்தைகளிடையே இந்த மதிப்பீட்டின் உணர்திறன், அதாவது பாதிப்புள்ள குழந்தைகளைத் தவறவிடாமல் கண்டறியும் அளவு, 98 சதவீதம் என்று, 2017இல் வெளியான சர்வதேச நிபுணர் குழுவின் ஆய்வுத் தொகுப்பு குறிப்பிடுகிறது. நீங்கள் சொல்லும் குழந்தை பத்து வாரம் முன்கூட்டியே பிறந்திருப்பதால், அந்தத் தேதியிலிருந்து கணக்கிடும் திருத்திய வயது இப்போது ஏறத்தாழ 12 வாரம். பதிவுசெய்ய இதைவிட ஏற்ற காலம் இல்லை. இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் இந்த வாய்ப்பு கைநழுவிவிடும்.

குழந்தையை மெல்லிய உடையில், கைகால்கள் திறந்திருக்க, சமதளத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். பொம்மையோ சூப்பானோ வேண்டாம். யாரும் பேச்சுக் கொடுக்கவோ கிலுகிலுப்பை ஆட்டவோ கூடாது. செல்போனைக் குழந்தைக்கு நேர் மேலே, தலை முதல் கால் வரை முழு உடலும் தெரியும்படி பிடித்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் இடைவெட்டின்றிப் பதிவுசெய்யுங்கள். அழத் தொடங்கினாலோ தூக்கக் கலக்கம் வந்தாலோ நிறுத்திவிட்டு, வேறொரு வேளையில் மீண்டும் எடுங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 'பேபி மூவ்ஸ்' என்ற செயலி வழியாகப் பெற்றோரே வீட்டில் இப்படிப் பதிவுசெய்து அனுப்பியிருக்கிறார்கள்; சுகாதாரச் செவிலியரான நீங்கள் அதை இன்னும் நன்றாகச் செய்வீர்கள். இம்மதிப்பீட்டில் பயிற்சி பெற்றவர் யார் என்று மாவட்ட அளவிலுள்ள பெரிய மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் விசாரித்து, பிறந்த வாரம், எடை, மூச்சுத்திணறல் இருந்ததா என்ற குறிப்புகளோடு பதிவை அனுப்புங்கள். முடிவு ஐயத்துக்குரியதாக வந்தால், நரம்பியல் பரிசோதனையையும் இயன்முறைப் பயிற்சியையும் உடனே தொடங்க வேண்டும். ஒரு வயதுக்குள் ஒரு கையை மட்டுமே பயன்படுத்துவதும் ஓர் எச்சரிக்கை என்பதைத் தாயிடம் சொல்லி வையுங்கள்.

நீங்கள் பல வீடுகளுக்குச் செல்பவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை, குறிப்பாகத் தூங்கி விழிக்கும் வேளைகளில், திடீரென்று தலையைக் குனிந்து கைகளை விரித்து உடலைச் சுருக்குவது போன்ற அசைவுகள் அடுத்தடுத்துத் தொடர்ச்சியாக வந்தால், அதை வயிற்றுவலி என்று எண்ணிவிடாதீர்கள். அது சிசுப் பருவ வலிப்பாக இருக்கலாம். செல்போனில் பதிவுசெய்து, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டச் செய்யுங்கள். அதற்கு வீடியோ ஆலோசனைக்கு நேரம் வாங்கிக் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் பள்ளியில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எழுத்துகளை நினைவில் வைக்கவும், எளிய கணக்குப் போடவும் திணறுகிறாள். அறிவுத்திறன் சோதனையை ஆன்லைனில் செய்ய முடியுமா? – ஓர் ஆசிரியை

பதில்: ஒரு பகுதியை மட்டும் செய்யலாம். முதலில் அவளுக்குக் கண் பார்வையும் காதும் சரியாக உள்ளனவா என்று அருகிலேயே பரிசோதித்துவிடுங்கள். திணறலுக்குக் காரணம் அங்கேயே இருக்கலாம். சொல்லிக் கேட்டு வாயால் பதில் பெறும் சோதனைகளைத் திரை வழியாக நடத்த முடியும். கட்டைகளை அடுக்குவது, காகிதத்தில் வேகமாகக் குறியிடுவது போன்றவற்றுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் குழந்தையின் அருகில் இருந்தே ஆக வேண்டும். அவளுக்குப் பழக்கமில்லாத மொழியில் சோதனை நடந்தால், வரும் மதிப்பெண் அவளுடைய திறனைக் காட்டாது.

அறிவுத்திறன் குறைபாடு என்பது மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சொல்லப்படுவதில்லை. அவள் தானே உடுத்திக்கொள்கிறாளா, சொன்ன பொருளை வாங்கி வருகிறாளா, ஆபத்தை உணர்கிறாளா என்ற அன்றாடத் திறன்களிலும் குறை இருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். இதை அளக்கும் வைன்லேண்ட் போன்ற அளவுகோல்கள் பெற்றோருடனான நேர்காணலாகவே அமைந்தவை என்பதால், அவற்றைத் தொலைபேசியிலேயே நன்றாகச் செய்யலாம். வகுப்பறையில் நீங்கள் கவனித்தவற்றையும் நாள் குறிப்பிட்டு எழுதி அனுப்புங்கள். எங்களால் ஒரு மணி நேரத்தில் பார்க்க முடியாதது அதில் இருக்கும்.

கேள்வி: கிராமத்தில் பொது மருத்துவராக இருக்கிறேன். இத்தகைய குழந்தைகளை ஒவ்வொருவராக நிபுணரிடம் அனுப்புவதைத் தவிர எனக்கு வேறு பங்கு இல்லையா?

பதில்: மிகப் பெரிய பங்கு இருக்கிறது, டாக்டர். நிபுணர்களின் எண்ணிக்கை எங்குமே தேவைக்கு ஈடாக இல்லாத நிலையில், வீடியோ அழைப்பு நோயாளியின் பயணத்தைக் குறைக்குமே தவிர, நிபுணருக்கு முன் நிற்கும் வரிசையைக் குறைக்காது. அந்த வரிசையைக் குறைக்கும் வழி, உங்களைப் போன்றவர்களே தெளிவான பாதிப்புள்ள குழந்தைகளுக்கு நோயறிதல் செய்யப் பழகுவதுதான். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா, கல்லீரல் அழற்சி நோயாளிகளுக்காக 2003இல் தொடங்கிய 'எக்கோ' திட்டம் இதற்கு வழிகாட்டி. கிராமப்புற மருத்துவர்கள் குறிப்பிட்ட நாள்களில் வீடியோ வழியாகக் கூடி, தங்கள் நோயாளிகளின் விவரங்களை முன்வைத்து, நிபுணர் குழுவோடு கலந்து பேசிக் கற்கிறார்கள். மிசௌரி பல்கலைக்கழகம் அதே முறையை ஆட்டிசத்துக்குக் கொண்டுவந்தது. நோயாளியோடு சேர்ந்து நீங்களும் திரையின் முன் அமர்ந்து நிபுணரின் மதிப்பீட்டைக் கவனிப்பதும் நல்ல தொடக்கம்.

கேள்வி: பேச்சு தாமதமாகியிருக்கும் என் மகளை வீடியோ வழியே பார்த்த நிபுணர், 'உறுதியாகச் சொல்ல முடியவில்லை, நேரில் அழைத்து வாருங்கள்' என்று சொல்லிவிட்டார். அப்படியானால் இவ்வளவு நாளும் வீண்தானா? நேரில் பார்க்கும்வரை பயிற்சி எதையும் தொடங்கக் கூடாதா?

பதில்: வீண் இல்லை, அம்மா. அவர் நேர்மையாக நடந்துகொண்டிருக்கிறார். குழந்தை மிகச் சிறியதாக இருக்கும்போதும், அறிகுறிகள் மிதமாக இருக்கும்போதும், பேச்சுத் தாமதமும் கூச்சமும் கலந்திருக்கும்போதும் திரை வழியாக உறுதிகூறுவது கடினம். சில பரிசோதனைகளுக்குக் கைகள் வேண்டும்: தசை இறுக்கத்தையும் அனிச்சைச் செயல்களையும் சோதிப்பது, தோலில் வெளிறிய திட்டுகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது, தேவைப்பட்டால் மரபணுப் பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பது. தலைச் சுற்றளவு, எடை, உயரம் ஆகியவற்றை உங்கள் ஊர்ச் செவிலியரே அளந்து தந்துவிடலாம்.

பயிற்சியைப் பொறுத்தவரை, நோயின் பெயர் உறுதியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மகளுக்குப் பேச்சு தாமதமாகியிருப்பது உறுதியான விஷயம். பேச்சுப் பயிற்சிக்கு அது ஒன்றே போதிய காரணம். பெற்றோருக்கே கற்றுக்கொடுத்து, குளிப்பாட்டும்போதும் உடுத்தும்போதும் விளையாடும்போதும் செய்ய வைக்கும் பயிற்சிகளை, வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பின் மூலமே நடத்த முடியும். பரிந்துரைக் கடிதத்தை இப்போதே தருமாறு அந்த நிபுணரிடம் கேளுங்கள்.

முன்பு பேசிய சொற்களை அவள் இழக்கத் தொடங்கினாலோ, கைகளை ஓயாமல் பிசைந்தபடி பொருள்களைப் பிடிப்பதை விட்டுவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, கொடுத்த தேதிவரை பொறுத்திராமல் உடனே நேரில் அழைத்துச் செல்லுங்கள். மற்றபடி நேரில் செல்லும் நாளில், பிரசவக் குறிப்புகள், தடுப்பூசி அட்டை, செவித்திறன் பரிசோதனை முடிவு, வீடியோ ஆலோசனையின் எழுத்துப்பூர்வ அறிக்கை, ஒரு வயதில் எடுத்த பழைய குடும்ப வீடியோக்கள் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முதல் மதிப்பீட்டில் பதிவானவற்றை மீண்டும் முதலிலிருந்து கேட்காமல், விடுபட்டதை மட்டும் அவர்கள் பார்த்தால், பெரும்பாலும் ஒரே பயணத்தில் வேலை முடிந்துவிடும்.